ஒஸ்லோ – பாட்ஸ்பியோர்ட்: இலவசக் காரில் நாலு நாள், நிறைய சந்தேகம்

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக ஒஸ்லோ வந்த நாளிலிருந்தே நார்வேயின் வடகோடியைப் பார்க்க ஆசை. பத்து நாளுக்கு வாடகைக் கார் என்றால் பதினைந்தாயிரம் குரோனருக்குக் குறையாது. அதனால் தள்ளிக்கொண்டே போனது. போன ஜூலையில் வாசுகி அக்கா கூப்பிட்டார். ஒஸ்லோவின் ட்வெய்ட்டா பகுதியில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தேழு வயது. கோயிலில் இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம்.

"என்னட்டைக் கார் இருக்கு. கார்க் கூரையிலை படுக்கக் கூடாரமும் பூட்டியிருக்கு. பாதிப் பெற்றோல் காசு தந்தாக் காணும். வடகோடியிலை இருக்கிற பாட்ஸ்பியோர்ட் வரைக்கும் போவம்."

இவ்வளவு மலிவாக யாராவது கூப்பிடுவார்களா? யோசித்தேன். ஆனாலும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

ஸ்வீடன், பின்லாந்து வழியாக ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். நார்வேக்குள்ளேயே போவதைவிட இது வேகம், பெட்ரோலும் குறைவு. அக்கா சாவியை என்னிடம் நீட்டினார். மாறி மாறி ஓட்டுவதாகத்தான் பேச்சு. ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் நகரம் தாண்டியும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸ் பறிபோயிருக்குமோ?

பின்சீட்டில் இரண்டு பெரிய பெட்டிகள், இரண்டும் பூட்டியவை. பத்து நாள் கூடாரத்தில் தூங்க எதற்கு அத்தனை துணி?

முதல் இரவு ஒரு ஏரிக்கரையில் தங்கினோம். ஸ்வீடனில் ஓரிரவு இப்படித் தங்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கூரைக் கூடாரத்தை அவர் விரித்துக் காட்டினார். மறுநாள் காலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்களே மடியுங்கோ, நான் பாக்கிறன்." கொசு என் முகத்தை மொய்க்க, இரண்டு முறை அவிழ்த்து மடிக்க வைத்தார். எரிச்சல் வந்தது.

ரொவானியெமியில் அவருக்குப் போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசினாலும் காதில் விழுந்தது. "ஓம், ட்ரொண்ட்ஹெய்மிலைதான் நிக்கிறம். இஞ்சை சரியான மழை." நாங்கள் நின்றது நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் இல்லை, பின்லாந்தில், சுள்ளென்ற வெயிலில். அவர் கழிப்பறைக்குப் போனதும் காரின் பதிவு எண்ணை இணையத்தில் தேடினேன். உரிமையாளர் ஓர் ஆண். திருட்டுக் காரா? பெட்டிகளில் என்ன? உட்ஸ்யோக்கி பாலத்தில் நார்வே எல்லையைக் கடக்கும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். யாரும் எங்களை நிறுத்தவில்லை.

தானா பாலத்துக்குப் பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் மரமே இல்லாத மலை. நடுரோட்டில் கலைமான்கள் நின்றால் காத்திருக்கத்தான் வேண்டும். மாலை ஐந்து மணிக்கு பாட்ஸ்பியோர்ட் துறைமுகத்தில் வண்டியை நிறுத்தினேன். மீன் வாடை மூக்கில் ஏறியது. அக்கா இறங்கி, இரண்டு பெட்டிகளையும் எடுத்துத் தரையில் வைத்தார்.

"நான் இனி இஞ்சைதான். கலியாணத்துக்கு முந்தி இந்த ஊரிலை மீன் வெட்டினனான். இப்பவும் வேலை தாறம் எண்டவை. அறையும் இருக்கு."

"அப்போ கார்?"

"அது என்ரை புருசன்ரை கார். எனக்கு வேண்டாம். நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும்."

என்னையே ஓட்ட விட்டதும் கூடாரம் மடிக்கப் பழக்கியதும் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொல்லியிருந்தா வந்திருப்பியளோ?"

வந்திருக்க மாட்டேன். பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் அறை வரைக்கும் போனேன். மறுநாள் காலை வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அக்கா மீன் தொழிற்சாலைக்குள் போனார். நான் ஐந்து நாள் தனியாக ஓட்டி வந்தேன்.

ட்வெய்ட்டாவில் அவர் கணவர் கீழே இறங்கி வந்தார். தான் திரும்பி வரப்போவதில்லை என்று அக்கா அவரிடம் போனில் சொல்லிவிட்டிருந்தார். கணவர் காரைச் சுற்றி வந்து கீறல் தேடினார். பிறகு என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

"நாலு நாள் பக்கத்திலை இருந்தனீங்கள். உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லையோ?"

முப்பது வருடம் பக்கத்தில் இருந்தவர் கேட்கிறார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: பின்லாந்தின் இவாலோவில் டாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பங்க்குகள் அரிது. கொசுவலைத் தொப்பி கட்டாயம். மலைமேல் காற்று பலமாக இருந்தால் கூரைக் கூடாரத்தை விரிக்காதீர்கள். அடுத்தவர் காரென்றால் காப்பீடு உங்களுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். கூட வருபவரிடம் திரும்பி வரும் உத்தேசம் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் இனிமேல் கேட்பேன். இல்லை என்று சொன்னாலும் அநேகமாகக் கூடப் போவேன்.