முன்னே இருபத்தாறு, பின்னே இருபத்தெட்டு

சைக்கிள் கடையில் ஆயுளைக் கழித்தவனுக்கு மனிதர்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இருக்க முடியாது. செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு, "நீ மாட்டின செயின் சரியில்லப்பா" என்று வந்து நிற்பான் ஒருவன். டியூபே தெரியாத அளவுக்கு ஒட்டுப் போட்டவன், இன்னும் ஒரு ஒட்டுக்கு வந்து, "போன தபா நீ ஒட்டினது நிக்கல" என்பான். இவர்களையெல்லாம் மன்னித்துவிட்டேன். என்னால் மன்னிக்க முடியாதவர் எங்கள் முதலாளி ஏகாம்பரம்தான். அவர் குடிக்க மாட்டார், பொய்க் கணக்கு எழுத மாட்டார், யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. இந்த ஒரு குணத்தால் அவர் செய்த கேடு, நாலு குடிகாரர்கள் சேர்ந்து செய்வதைவிட அதிகம்.

கடை சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தது. வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயிலிங். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே பெரிய மெக்கானிக். அதாவது, என்னைத் தவிர வேறு மெக்கானிக் இல்லை.

ஃப்ரேம் வந்தது

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஓரிக்கையிலிருந்து முருகேசன் என்ற இளைஞன் நடந்தே வந்தான். தோளில் ஒரு சைக்கிள் ஃப்ரேம். ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. பெடல், செயின், பிரேக் எல்லாம் இருந்தன. சக்கரம் மட்டும் இரண்டுமே இல்லை.

"அண்ணே, இதுக்கு ரெண்டு வீல் மாட்டிக் குடுங்க. திங்கக்கிழமை காலையில வேணும்."

அவனுடைய மாமா மெட்ராஸில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். வீட்டுக்காரர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது, சக்கரங்களை யாருக்கோ விற்றுவிட்டு, விலை போகாத ஃப்ரேமை இவருக்குத் தானம் பண்ணியிருக்கிறார். பெரிய மனிதர்களின் தானம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"ஏம்பா, இது ரேஸ் சைக்கிள். இதை வெச்சி நீ எந்த ரேஸுக்குப் போவப் போற?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னான். ஒரு பட்டுக்கடையில் வெளி ஆள் வேலை காலியாக இருந்தது. பட்டும் ஜரிகையும் எடுத்துக்கொண்டு தாமல் வரை சுற்று வட்டாரத்தில் உள்ள தறிகளுக்குப் போக வேண்டும், சேலை எவ்வளவு தூரம் நெய்தாகியிருக்கிறது என்று பார்த்து வந்து கடையில் சொல்ல வேண்டும். கடைக்காரர் இவனைப் பார்த்துப் பேசிவிட்டு, "சொந்த சைக்கிள் இருந்தா திங்கக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னாடி வந்து நில்லு. இல்லேன்னா வேற ஆள் இருக்குது" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

முருகேசன் குடும்பத்தில் அதுவரை எல்லாருக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரிந்ததற்காகச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள் இவன். வீட்டில் அம்மா சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாளாம். சைக்கிள்தான் பாக்கி.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஃப்ரேமுக்கு நம் பாவ புண்ணியம் தெரியாது. "இது இருபத்தேழு இஞ்ச் வீலுக்குச் செஞ்ச ஃப்ரேம்பா. நம்ம ஊர்ல அந்த சைஸே கெடையாது. மெட்ராஸ்லயே தேடணும். யார்கிட்டயாவது ஒரு பழைய கறுப்பு சைக்கிள் கேட்டு வாங்கு" என்றேன்.

"கேட்டுப் பாத்துட்டேண்ணே. யாரு குடுக்கறாங்க?"

உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த முதலாளி டம்ளரோடு வெளியே வந்தார். "யார்றா அது, நம்ம கடையில வந்து முடியாதுன்றது? தம்பி, நீ வெச்சிட்டுப் போ. திங்கக்கிழமை ஓட்டிக்கினு போவலாம்."

சொன்னது நான்தான் என்பது அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

முதலாளியின் வைத்தியம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்போது எங்கள் ஊரில் ஓடியவை இரண்டே சைஸ். பெரிய கறுப்பு சைக்கிளுக்கு இருபத்தெட்டு. லேடீஸ் சைக்கிளுக்கும் குள்ளமான ஆம்பளைகளுக்கும் இருபத்தாறு. இருபத்தேழு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டால் சராசரி சரியாக வந்துவிடும் என்பது ஏகாம்பரத்தின் விஞ்ஞானம். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவர் வாயாலேயே சொன்னார்.

முதலில் இருபத்தெட்டை முன்னால் வைத்துப் பார்த்தார். டயர் தடிமனாக இருந்ததால் ஃபோர்க்கின் தலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கழற்றிப் பின்னால் வைத்தார். ஆக்ஸிலைக் கடைசி வரை இழுத்து, மட்கார்டே போடாமல் விட்டதும் எப்படியோ சுற்றியது. உடனே முகம் மலர்ந்துவிட்டது. முன்னால் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளின் இருபத்தாறை மாட்டினார். இப்போது வண்டி முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முட்ட வருகிற கிடா மாதிரி இருந்தது.

"நான் இதுல கை வைக்க மாட்டேன் மொதலாளி. முன்னாடி தாழ்ந்துட்டதால பெடல் தரைக்குக் கிட்ட வந்துடுச்சி. திரும்பும்போது இடிச்சித் தூக்கிப் போட்ரும்" என்றேன்.

"நேரா போனா இடிக்காது இல்ல?"

"இடிக்காது."

"அப்ப நேரா போவட்டும்."

நாலு மாட வீதியும் நாலு மூலைத் திருப்பமும் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு சொன்னார் இதை.

அடுத்தது பிரேக். பிரேக் கட்டை பெரிய சக்கரத்தின் ரிம்மைப் பிடிக்கிற உயரத்தில் இருந்தது. சின்னச் சக்கரத்தின் ரிம் அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளியிருந்ததால் கட்டை டயரில் போய் உரசியது. முதலாளி இரண்டு தகரப் பட்டையை வெட்டி, ஓட்டை போட்டு, பிரேக்கை அதில் தொங்கவிட்டார். பின்னால் டயர் அகலம், பிரேக்கின் வாய் அவ்வளவு விரியாது. அதனால் பின் பிரேக்கைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். ஹேண்டில்பாரில் அதன் லிவரை மட்டும் விட்டுவைத்தார். அழுத்தினால் ஜோராக அழுந்தும், எதையும் பிடிக்காது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"பட்டுக்கடைக்காரரு குனிஞ்சா பாக்கப் போறாரு? லிவர் ரெண்டு இருந்தா பிரேக்கு ரெண்டுதான்பா."

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் வந்து பார்த்தான். கண் எல்லாம் அந்த ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பாரில்தான் இருந்தது. அவனைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பெடல் இடிக்கும், பின்னால் பிரேக் இல்லை, முன்னால் இருப்பது வெறும் தகரம்.

"மெல்லமா ஓட்டிக்கினு போறேண்ணே. வேலையில சேந்துட்டா அப்பறம் நல்ல வீலு போட்டுக்கலாம்" என்றான்.

சீமை சைக்கிள் மோகம் என்று நினைத்துக்கொண்டேன். எக்கேடு கெட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்கிவிடும். ஏழு அடித்த பிறகும் முதலாளி நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். முருகேசன் வெள்ளைச் சட்டையில் அழுக்குப் படாமல் ஓரமாக நின்றுகொண்டு தெருவையே பார்த்தான். வண்டி கைக்கு வந்தபோது மெல்லப் போவதற்கு நேரம் இருக்கவில்லை. "நேரா போப்பா, நேரா போ" என்று முதலாளி ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார். நான் கடை வாசலில் நின்று, எவ்வளவு தூரம் போகிறது பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டேன். தெருக்கோடியில் திரும்பி மறைந்தான். அந்தத் திருப்பத்தில் பெடல் இடிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்தப் பக்கத்துத் தெருவில் அன்றைக்குப் பாவு போட்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததற்கு முடிச்சுப் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் குடும்பமே இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யும். பாவு கிடக்கிற தெருவில் எங்கள் ஊரில் யாரும் சைக்கிளில் ஏறிப் போக மாட்டார்கள். கலெக்டராக இருந்தாலும் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வழக்கமாக அந்தத் தெருவில் பாவு கோடியிலிருந்து தள்ளித்தான் தொடங்கும். அன்றைக்கு நீளமான பாவு, திருப்பத்துக்குக் கிட்டவே முளை அடித்துவிட்டார்கள்.

"ஐயோ பாவு, பாவு!" என்று ஒரு பெண் அலறியது கடை வரைக்கும் கேட்டது. ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முருகேசன் ஒரு வீட்டுக் கல்தூணுக்குக் கீழே சாக்கடை ஓரத்தில் கிடந்தான். பார்த்தவர்கள் அப்புறம் சொன்னார்கள். திரும்பியதும் எதிரில் பாவு. பிரேக்கை அழுத்தினான், தகரப் பட்டை வளைந்து கட்டை விலகிவிட்டது. ஹேண்டில்பாரை ஒரே வெட்டாகச் சுவர் பக்கம் ஒடித்தான். பெடல் கல்லில் இடித்தது. வண்டி அவனைத் தூக்கித் தூணில் அடித்துவிட்டது.

வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தமும் சேறும். முன் பல் இரண்டு போயிருந்தது. இடது தோள் ஒரு பக்கமாகத் தொங்கியது. தெரு நிறைய ஜனம் இருந்தது. ஒருவர்கூட அவன் பக்கம் வரவில்லை. எல்லாரும் பாவின் மேல் குனிந்திருந்தார்கள்.

"இழை அறுந்துச்சா பாரு! அந்த ஓரம் பாரு!"

"அறுந்து போவலபா. ஒண்ணும் ஆவல."

"நல்லா பாருடா!"

ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான், "ஏய், யாரு வூட்டுப் பையன்பா இவன்? கண்ணு தெரியலையா?" என்று ஒரு கிழவர் அவனைத் திட்டுவதற்காகத் திரும்பினார். நான் முருகேசனைத் தூக்கி ரிக்ஷாவில் உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காறை எலும்பு முறிந்திருந்தது. வழியெல்லாம் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஏழரை ஆயிடுச்சாண்ணே?"

வேலை கிடைத்த விதம்

பாவு அதே பட்டுக்கடைக்குச் சொந்தமானது. சங்கதி கடைக்காரர் காதுக்குப் போனது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ஆப்பிள்கூட வாங்கி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தன் உசுரப் பாக்காம என் பட்டப் பாத்தான் பாரு. இவன்தான் எனக்கு வேணும்" என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். "கை சரியானதும் வந்து சேந்துக்கோ. கடை சைக்கிள் ஒண்ணு சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கோ."

அந்த சைக்கிள் வெள்ளிக்கிழமையும் சும்மாதான் கிடந்திருக்கும். கேட்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. முருகேசன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஊர் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு ஆடியது. பட்டுக்காகப் பல்லைக் கொடுத்த பையன் என்றார்கள். டீக்கடையில் ஒருவர், வரதராஜப் பெருமாளே ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பினார் என்று சத்தியம் பண்ணாத குறை. பெருமாள் திருப்பியிருந்தால் கொஞ்சம் முன்னாலேயே திருப்பியிருக்கலாம். எல்லாரையும்விட அதிகம் ஆடியவர் எங்கள் முதலாளி. "நம்ம கடையில ஃபிட் பண்ண சைக்கிள்ல போனான், மொத நாளே வேலை கெடச்சிடுச்சி" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு ஒரு முட்டாள், தன் ஃப்ரேமுக்கும் அதே மாதிரி முன்னே சின்னது, பின்னே பெரியதாக மாட்டச் சொல்லிக் கொண்டுவந்து விட்டான். முதலாளி முடியாது என்று சொல்வாரா?

கட்டுப் பிரித்த பிறகு முருகேசன் கடைக்கு வந்தான். கடையில் கிடந்த, கோணிப்போன ஃப்ரேமைக் காயலான் கடைக்குப் போட எடுத்துப் போக வந்திருந்தான். மறுநாள் வேலையில் சேருகிறான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். எனக்கு அவன் மேல் கோபம் தீரவில்லை. இப்படி ஒரு தியாகி எதற்கு என்று உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

"ஏம்பா, பட்டு என்ன உங்கப்பன் வூட்டுப் பட்டா? நேரா பாவுல வுட்டிருந்தா மெத்தையில வுழுந்த மாதிரி வுழுந்திருப்ப. ஒரு சிராய்ப்போட போயிருக்கும். தூணு மேல போய் மோதினியே, அவ்ளோ விசுவாசமா?"

முருகேசன் ஃப்ரேமைக் கையில் தூக்கினான். வலது தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"விசுவாசம் எல்லாம் இல்லண்ணே. பாவுல வுழுந்திருந்தா எலும்பு ஒடஞ்சிருக்காது, நெசந்தான். ஆனா நான் ஓரிக்கை காலனிப் பையன், அவங்க சாதி இல்ல. அவங்க தெருவுல, அவங்க பாவ அறுத்துட்டு எந்திரிச்சி நின்னா, என்னைச் சும்மா வுட்டிருப்பாங்களா? தூணுன்னா ஒரு அடியோட போயிடும்."

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

அதற்குப் பிறகு பல கடைகளில் வேலை பார்த்துவிட்டேன். அளவு ஒத்துவராத சக்கரத்தோடு யார் வந்தாலும் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கினேன். வாங்கிய பேரில் வருத்தமில்லை. தொழிலுக்கு வருகிற பிள்ளைகளும் அந்தப் பேரை வாங்கிக்கொள்ளுங்கள். தகரப் பட்டையை வெட்டி மாட்டுகிற முதலாளி அந்த வண்டியில் ஏறப்போவதில்லை. ஏறுகிறவன், விழுகிற ஒரு நொடிக்குள், எங்கே விழுந்தால் ஊர் தன்னை விட்டுவைக்கும் என்றும் யோசிக்க வேண்டியவனாக இருப்பான்.