எதிர்வீட்டு அடுப்பும் என் வேலைச் சேலையும்

நாரணாபுரம் பக்கம் எங்கள் தெருவில் முன்பெல்லாம் எல்லோருமே பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். வேலை விட்டு வந்ததும் குளித்த பிறகே அடுப்பங்கரைக்குள் நுழைவோம். அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு கரிசல் நிலமெல்லாம் பிளாட்டாகி, பேங்க்காரர்களும் வாத்தியார்களும் மாடிவீடு கட்டி வந்தார்கள்.

எதிர்வீட்டு வாத்தியார் மனைவி ரொம்பப் பிரியமானவள். ஒருநாள் நான் கம்பெனி வேனை விட்டு இறங்கியதுமே, "பணியாரம் சூடா இருக்கு, வாங்கக்கா" என்று கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கே இழுத்துப் போய்விட்டாள். கேஸ் அடுப்பு எரிவதைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு வெளியே ஓடினேன். அவள் முகம் வாடிவிட்டது.

"கோவமில்ல தாயி. சேலையெல்லாம் பட்டாசு மருந்து. தீ பட்டிருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம்" என்றேன்.

இப்போது தெருவுக்கு யார் குடிவந்தாலும் முதல் வேலையாகப் போய் இதைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் மனைவியோ, எங்கள் கம்பெனி வேன் சத்தம் கேட்டாலே அடுப்பை அணைத்துவிடுகிறாள்.