தாரா பிடித்த கதை

அப்பாவுக்கு வடகடல் தீவொன்றின் விடுதியில் சமையல் வேலை கிடைத்ததும் நாங்கள் ஜெர்மனியின் எசன் நகரைவிட்டு அங்கே போனோம். தீவில் தமிழர் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு அப்போது பத்து வயது.

தீவின் நடுவே ஒரு பழைய குளம் இருந்தது. அதிலிருந்து நான்கு வாய்க்கால்கள் வளைந்து போகும். அவற்றின் மேல் வலை கட்டியிருக்கும். பழக்கிய வாத்துகள் முன்னே நீந்த, அவற்றை நம்பிக் காட்டு வாத்துகள் வலைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். குளத்தைப் பராமரிக்க ஆள் குறைந்துவிட்டதால், அதை நடத்திய சங்கம் வீடு வீடாகக் கடிதம் போட்டது. இது தீவில் வாழும் எல்லோருடைய மரபு, தெரிந்ததைச் சொல்ல எல்லோரும் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

“எல்லாரும் எண்டா எங்களையும் சேர்த்தோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம், பேர் போட்டெல்லோ வந்திருக்கு,” என்றார் அப்பா. மன்னாரில் அவர் தாரா பிடித்து வளர்ந்தவர். காட்டு வாத்துக்கு அங்கே அதுதான் பெயர். கூட்டத்தில் என்ன பேசுவதென்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்.

தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். முறை வந்ததும் அப்பா எழுந்தார்.

“நாங்களும் வலை வைச்சுத்தான் பிடிக்கிறனாங்கள். குஞ்சு பொரிக்கிற காலத்தில வலையைக் கழுவி முகட்டில கட்டிப்போடுவம். அப்ப பிடிச்சவனோட ஊரில ஒருத்தரும் கதைக்கமாட்டினம். தாராவைக் குரல் குடுத்துக் கூப்பிடுறதில தான் பெரிய கெட்டிக்காரன் எண்டு என்ர அண்ணை சொல்லுவார். ஆனா அவர் கூப்பிட்டாத் தாரா வராது, அண்ணிதான் அகப்பையோட வருவா.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். “சொல்லு பிள்ளை.”

முந்தின வாரம்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு படம் காட்டியிருந்தார்கள். தெற்கு நாடுகளில் வலையில் சிக்கிச் சாகும் பறவைகள். நாலைந்து பேர் அழுதார்கள். அழுத ஒருத்தியின் தகப்பன்தான் அந்தச் சங்கத்தின் தலைவர். அவர்கள் பிடித்தால் மரபு, மற்றவர்கள் பிடித்தால் பாவம் என்ற கணக்கை நான் அப்போது கேள்வி கேட்கவில்லை.

“அப்பாவுக்குப் பறவைகள் மிகவும் பிடிக்கும். அவருடைய ஊரிலும் நிறைய இருக்கின்றன,” என்று ஜெர்மனில் சொன்னேன்.

இவ்வளவு நேரம் பேசியது இரண்டு வசனம்தானா என்பதுபோலத் தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். சங்கத்தின் ஆண்டு விழாவில் சூப் வைக்கும் ஆட்களின் பட்டியலில் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி நடக்கும்போது அப்பா கேட்டார்: “அண்ணியின்ர கதைக்கு ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்லை?”

“அவை அப்பிடித்தான் அப்பா. கெதியாச் சிரிக்கமாட்டினம்.”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். “ஓம், இருக்கும்,” என்றார்.

அடுத்த கூட்டத்துக்குக் கடிதம் வந்தது. கூட்ட நாளில் நான் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பாவின் கையில், எங்கள் ஊர் வலையை முடிச்சு முடிச்சாக வரைந்த தாள் ஒன்று இருந்தது.

“நீ நில்லு பிள்ளை. நான் தனியப் போறன்.”

“உங்களுக்கு ஜெர்மன் கதைக்க ஏலாதே?”

“தெரிஞ்ச அளவுக்குக் கதைக்கிறன்.”

எனக்கு வீட்டுப்பாடம் இருக்கிறதென்று கவலைப்படுகிறார் போலும் என்று நினைத்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சந்தோஷமாகத் தொலைக்காட்சியைப் போட்டேன்.