டச்சம்மாவுக்குச் சவரம்

பண்ணையில் இந்த ஆண்டு குதிரைக் காட்சிக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். "நீங்கதான் இங்க ரொம்ப நாளு வேல செஞ்சவங்க, ஏதாவது எழுதிக் குடுங்கம்மா" என்று ஆபீஸ் பெண் ஒருத்தி வந்து கேட்டாள். இனிப்பாக ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பாள். குதிரைகளைப் பற்றி இனிப்பாக எழுத என்னால் முடியும். குதிரைக் காட்சி நடத்துகிறவர்களைப் பற்றி முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தது புல் அறுக்க. என் கணவர் முனியன் அங்கே சைஸ், அதாவது குதிரைகளைக் கவனிக்கிறவர். மலாக்காவில், காஜா பெராங்கில், செட்டிகளின் கிராமமான செட்டிக் கம்பத்தைத் தாண்டி இருந்த அந்தப் பண்ணை, ஜப்பான் சண்டைக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. ஆண்டுக்கு ஒரு தடவை அவரும் துரைசானியும் காட்சி நடத்துவார்கள். ஊர் மக்களுக்கான காட்சி என்று வாசலில் பலகை தொங்கும். ஊர் மக்களாகிய நாங்கள் வேலிக்கு வெளியே நிற்போம். உள்ளே துரைமார் பிள்ளைகள் மட்டக் குதிரையில் ஏறிச் சுற்றி வந்து ரிப்பன் வாங்குவார்கள். விழுந்த பிள்ளைக்கும் ரிப்பன் உண்டு. குதிரையைத் தேய்த்து, பிடரி மயிரைப் பின்னி, குளம்புக்கு எண்ணெய் போட்டு நிறுத்திய சைஸுக்கு மிஞ்சிய கேக் உண்டு. அதுவும் துரைசானியின் நாய் வேண்டாம் என்று விட்டால்.

சண்டை வந்ததும் துரை சிங்கப்பூருக்கு ஓடினார். "நல்லா பாத்துக்கோ, முனியன்" என்று தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். எதைப் போட்டுப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. பெரிய குதிரைகளை ஜப்பான் பட்டாளம் வந்த கையோடு ஓட்டிக்கொண்டு போனது. மிஞ்சியவை இரண்டு மட்டக் குதிரைகளும் டச்சம்மாவும். டச்சம்மா செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. துரைசானி வைத்த பெயர் டச்சஸ். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழைந்து வெளியே வரும்போது டச்சம்மா ஆகியிருந்தது. ஜப்பான் கேப்டன் ஒருவர் சவாரிக்கு வந்து போனதால் லாயத்தை மூடாமல் வைத்திருந்தார்கள்.

யொரோஷி

துரையிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணிதான் இப்போது எங்களுக்கு மேலாள். துரை போன மறு வாரமே துரையின் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஜப்பான்காரன் வந்த மறு வாரம் அதைக் கழற்றிவிட்டு ஜப்பான் பாஷை படிக்கத் தொடங்கினார். கற்றுக்கொண்டது நாலு வார்த்தை. அதில் மூன்று, குனிந்து கும்பிட.

நாலாவது வார்த்தை யொரோஷி. நல்லது, நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருளாம். மலாக்காவில் அதற்கு வேறு பொருள். கேப்டன் உஜோங் பாசிரில் ஒருவர் சைக்கிளைத் தட்டிப் பார்த்து யொரோஷி என்றார். சைக்கிளுக்கு உரியவர் நடந்து வீட்டுக்குப் போனார். ஒரு சீனர் கடையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து யொரோஷி என்றார். சாயங்காலம் சுவர்தான் இருந்தது. ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அந்த வார்த்தைக்குப் பொருள் தெரியும். எங்கள் கிராணிக்கு மட்டும் அது பாராட்டாகவே கேட்டது.

ஒரு நாள் சவாரி முடிந்து இறங்கிய கேப்டன், டச்சம்மாவின் கழுத்தைத் தட்டி "யொரோஷி, யொரோஷி" என்றார். தன்னையே தட்டிக்கொடுத்தது போலக் கிராணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கேப்டன் போன பிறகு எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சக்கரவர்த்தி பொறந்த நாளுக்குக் கேப்டன் ஊர் ஜனத்துக்குக் குதிரக் காட்சி வைக்கப் போறாரு. டச்சம்மா மேல அவரே ஏறி வருவாரு. முடிஞ்சதும் மூணு குதிரையும் பட்டாளத்துக்குப் போவுது."

"அப்ப நாங்கய்யா?" என்று முனியன் கேட்டார்.

"குதிர இல்லாத லாயத்துக்கு சைஸ் எதுக்குப்பா? சயாமுல ரயிலு ரோடு போடுறாங்க. ஒங்க பேரக் குடுத்துட்டேன். நல்ல சாப்பாடாம்."

"அவ்வளவு நல்ல சாப்பாடுன்னா நீங்களும் வாங்களேன், கிராணியையா" என்றேன்.

"எனக்குக் கேப்டன் ஆபீஸ்ல வேல சொல்லியிருக்காரு, பாக்கியம்" என்றார். வெட்கம் கொஞ்சமும் இல்லை.

எங்கள் வரிசை வீடுகளிலிருந்து முன்பே சில ஆண்கள் சயாமுக்குப் போயிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. முனியன் தப்பியிருந்ததற்குக் காரணம், கேப்டனின் குதிரைக்கு அவர் வேண்டியிருந்தார் என்பதுதான். குதிரை போனால் அவரும் போவார். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்: "குளம்புல ஒரு ஆணிய ஏத்திடுங்க. நொண்டுனா பட்டாளத்துக்கு வேணாம்னு விட்டுடுவான்."

அவர் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே, "கால நீட்டுன்னு சொன்னா நீட்டிக்கிட்டு நிக்கும், பாக்கியம். அதுக்குப் போயி ஆணி அடிக்கச் சொல்றியா?" என்றார்.

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. குதிரைக்குப் பார்க்கிற மனிதர் பெண்டாட்டிக்குப் பார்க்கவில்லையே என்று அழுதேன்.

சுழி

கிராணி அதுவரை எந்தக் குதிரைக்கும் பக்கத்தில் போனவரில்லை. சாணியை மிதித்துவிடுவோம் என்று பயம். காட்சியன்று டச்சம்மாவின் தலைப்பக்கம் நின்று கடிவாளத்தைக் கேப்டன் கையில் கொடுக்கிற பெருமை தனக்கே வேண்டும் என்று ஒத்திகை பார்க்க வந்தார். அப்போதுதான் அவள் முகத்தை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தார்.

"முனியா! என்னடா இது?"

"சுழி, ஐயா."

"சுழின்னு எனக்குத் தெரியாதா? எங்க இருக்கு பாத்தியா? கண்ணுக்குக் கீழ! கண்ணீர்ச் சுழிடா! இதுமேல ஏறுறவன் வீட்டுல அழுகைதான்!"

"தொரை இத்தன வருசம் ஏறுனாரே, ஐயா."

"அவரு கதி என்ன இப்ப? சிங்கப்பூரு ஜெயில்ல கெடக்குறாரு!"

முனியன் அவள் பிடரியைத் தடவிக்கொடுத்தார்.

குதிரை முகத்தில் ரோமம் சுழித்து வளர்ந்திருக்கும் இடம்தான் சுழி. நெற்றியில் இருந்தால் ஒரு பலன், கழுத்தில் இருந்தால் ஒரு பலன் என்று நம் ஆட்கள் பெரிய சாத்திரமே வைத்திருக்கிறார்கள். கிராணிக்கு அது தலைகீழ்ப் பாடம். கேப்டன் ஏறி விழுந்து வைத்தால், ராசியில்லாத குதிரையைக் கொடுத்தவன் என்று தன் தலை போகும் என்று நடுங்கினார். சுழியைப் பற்றிக் கேப்டனிடம் முன்கூட்டியே சொல்லவும் பயம். இத்தனை நாள் ஏறவிட்டாயே என்று கேட்பாரே. போதாததற்கு, ஜப்பான் பட்டாளத்திலும் சுழியை வைத்துத்தான் குதிரைக்கு அடையாளம் எழுதுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கேப்டன் என்றைக்காவது உற்றுப் பார்த்துவிடுவார் என்று கிராணி முடிவே செய்துவிட்டார். உடனே ஜாலான் துக்காங் எமாஸுக்கு ஆள் அனுப்பி, தனக்கு வழக்கமாகச் சவரம் செய்கிற ஆறுமுகத்தை வரவழைத்தார்.

ஆறுமுகம் பெட்டியைத் திறந்து, குதிரையை மேலும் கீழும் பார்த்தார். "மீசைய வைக்கணுமா, எடுக்கணுமா, ஐயா?"

"வாய மூடிக்கிட்டு அந்தச் சுழிய எடு!"

முனியன் தலையைப் பிடித்துக்கொள்ள, சவரம் நடந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செட்டிக் கம்பத்து நோன்யா, அதாவது செட்டி வீட்டு அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். கோயிலும் குங்குமமும் நம்முடையதுதான் என்றாலும் அவர்கள் வாயில் வருவது மலாய். "ஆப்பா பாசால் சூக்கோர் மூக்கா குடா?" என்றாள். குதிரை முகத்தை எதற்குச் சிரைக்கிறார்கள் என்று கேள்வி. "டியா மோ காவின்" என்றேன். கல்யாணமாம் அதற்கு என்று.

சுழி போயிற்று. அந்த இடத்தில் காசு அளவுக்குத் தோல் வெளுப்பாகப் பல்லிளித்தது. கிராணி தள்ளி நின்று பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும் இருந்தா அசிங்கம். அந்தக் கண்ணுக்குக் கீழயும் எடு." எடுத்தார். மறுபடி தள்ளி நின்று பார்த்தார். "ஒரு குதிரைக்கு மட்டும் இருந்தா சந்தேகம் வரும். மூணுக்கும் எடுத்துடு. அப்ப அது ஸ்டைலு!"

ஒன்றும் அறியாத மட்டக் குதிரைகளும் சவரம் செய்துகொண்டன. ஆறுமுகத்தின் கத்தி சண்டைக் காலத்துக் கத்தி, தீட்டித் தீட்டித் தேய்ந்தது. போட்டதோ மரவள்ளி மாவில் செய்த ஏதோ ஒரு சோப்பு. எரிச்சலுக்குப் படிகாரம் தேய்த்தார்கள். வெளுப்பை மறைக்கக் கிராணி தன் கையாலேயே அடுப்புக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார். காட்சி நாளுக்குள் ஆறு இடத்திலும் தோல் சிவந்து, பொருக்குத் தட்டி உதிர்ந்தது. ஈ மொய்த்தது. கிராணி இன்னும் கொஞ்சம் கரி பூசினார்.

வேலிக்கு உள்ளே

வெள்ளைக்காரன் எங்களை வேலிக்கு வெளியே நிறுத்தினான் என்றேன். ஜப்பான்காரன் உள்ளே நிறுத்தினான், வெளியே போக முடியாதபடி. பத்து பெரெண்டாம் போன்ற தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனங்களை வெயிலில் நடத்திக் கூட்டி வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. சக்கரவர்த்தி இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்து எல்லாரும் இடுப்பு வளையக் குனிந்தோம். பசித்த வயிற்றோடு குனிந்தால் நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரமாகும். மூங்கில் கழிகளைக் குறுக்கே கட்டி, குதிரைகள் தாண்ட வரிசையாகத் தடை வைத்திருந்தார்கள்.

கேப்டன் வெள்ளைக் கையுறை போட்டு வந்தார். கிராணி கடிவாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்தார். கேப்டன் வழக்கம்போல டச்சம்மாவின் முகத்தைத் தடவினார். கையுறையில் கரி ஒட்டியது. அதைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். விரலால் சுரண்டினார், பொருக்கு உதிர்ந்தது. முகம் மாறி, விறுவிறுவென்று மட்டக் குதிரைகளிடம் போனார். அங்கேயும் அதே வட்டம், அதே பொருக்கு. கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

"குடா சாக்கிட்கா?" என்று கத்தினார். குதிரைக்கு நோயா என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்கிறார்.

கிராணியின் வாழ்க்கையில் அவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நாள் அது ஒன்றுதான். நோயில்லை, சவரம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சவரம் என்று அடுத்த கேள்வி வரும். கெட்ட சுழியை உங்களிடம் மறைத்தேன் என்று எப்படிச் சொல்வார்? என் கணவரின் உயிர் அந்த மனிதர் வாயில் நின்றது.

"சாக்கிட், துவான்" என்றார் கிராணி. "குராப்."

குராப் என்றால் தோலில் வருகிற படை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒரு குதிரைக்கு வந்தால் பட்டாளத்துக் குதிரை அத்தனைக்கும் வரும். கேப்டன் ஓரடி பின்வாங்கி, "பாக்கேரோ!" என்று ஜப்பான் பாஷையில் வைது, விட்டார் ஓர் அறை. கிராணியின் கண்ணாடி மூங்கில் தடையைத் தாண்டி விழுந்தது. அன்றைய காட்சியில் தடை தாண்டியது முதலில் அதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்று நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பிறகு உத்தரவு. பண்ணையைச் சுற்றிக் கயிறு கட்டவேண்டும். குணமாகும்வரை ஒரு குதிரையும் ஒரு சைஸும் வெளியே போகக்கூடாது. பொறுப்பு கிராணி. ஆபீஸ் வேலையைப் பற்றி அவர் மெல்ல வாயெடுத்தார். கேப்டன் குதிரைகளைக் காட்டி, "குடா பாய்க், காமு சயாம்" என்றார். குதிரை தேறியதும் நீயும் சயாமுக்குத்தான்.

வந்த கூட்டத்துக்குக் காட்சி வேண்டுமே. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மூங்கில் தடைகளைத் தாண்ட வைத்தார்கள். குதிரை இல்லாத குதிரைக் காட்சிக்குக் கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

அதற்குப் பிறகு கிராணிக்குச் சுழியும் மறந்தது, சாத்திரமும் மறந்தது. குதிரை முகத்தில் ரோமம் லேசாக அரும்பினால் போதும், "ஆறுமுகத்தக் கூப்புடு! சீக்கிரம் கூப்புடு!" என்று தவித்தார். முன்பு கத்தியைப் பார்த்துத் துள்ளிய டச்சம்மா, கடைசியில் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டதும் முகத்தை நீட்டப் பழகிவிட்டாள். கேப்டனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அடுத்து வந்தவர் கயிற்றைப் பார்த்தார், கிட்டே வரவில்லை. ஜப்பான்காரன் தோற்றுப் போகும்வரை எங்கள் லாயத்தில் சவரம் நிற்கவில்லை. முனியன் ஒரு நாளும் சயாமைப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, முதல் வேலையாகக் குதிரைக் காட்சி வைத்தார்கள். எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவிக் குதிரைகளைக் காப்பாற்றியவர் என்று மேடையில் ஒருவருக்கு ரிப்பன் குத்தினார்கள். யாருக்கு என்று சொல்லவேண்டுமா? விழுந்த பிள்ளைக்கும் ரிப்பன் உண்டு என்று முன்பே சொன்னேன். கிராணி ரிப்பனோடு டச்சம்மாவின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். முனியனுக்குக் கேக் கிடைத்தது.

லாயத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் பாடம் ஏதாவது சொல்லவேண்டுமாம். குதிரைக்கு ரிப்பன் கட்டுங்கள், பின்னல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து ஒருவர் அதன் கழுத்தைத் தட்டி, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் உடனே பல்லைக் காட்டாதீர்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள்.

அந்தப் போட்டோ நம் ஆபீஸ் சுவரில் இன்னும் தொங்குகிறது. கிராணியை விட்டுவிட்டுக் குதிரையைப் பாருங்கள். ரோமம் முழுக்க வளர்ந்து, கண்ணுக்குக் கீழே அதே இடத்தில் அதே சுழி தெரியும். கண்ணீர்ச் சுழியாம். எங்கள் வரிசையில் அந்த வருடங்களில் சயாமுக்குப் போன ஆண்பிள்ளைக்காக அழாத வீடு என் வீடு ஒன்றுதான்.