நூடுல்ஸ்காரருக்கு ஒரு புள்ளி

சீனாவின் ஷாவோசிங் ஊரில் கால்வாய் ஓரம் நூடுல்ஸ் கடை நடத்திய ஃபான் ஷுன், வீட்டோடு மாப்பிள்ளை. முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவர் அவர்தான். ஆனால் கூடத்தில் வீட்டுக்காரருக்கென்று கிடக்கும் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"என்ன விருந்தாளி, எப்பக் கிளம்புற?" என்று படகுக்காரர்கள் சீண்டுவார்கள்.

"நூடுல்ஸ் தீரட்டும்ப்பா" என்று சிரித்துக்கொண்டே அவர்கள் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சாறு ஊற்றுவார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன குளிர்காலத்தில் நிஜமாகவே கிளம்பிவிட்டார்.

இறந்தவர் பெயரை மரப்பலகையில் எழுதும்போது, கடைசியில் வரும் 'ஜூ' என்ற எழுத்தின் தலைப்புள்ளியை மட்டும் விட்டுவைப்போம். அடக்கத்தன்று அரசுப் பரீட்சையில் தேறிப் பட்டம் பெற்ற பெரியவர் ஒருவர் சிவப்பு மையால் அதை வைத்தால்தான் ஆவி பலகையில் வந்து தங்கும். இல்லையென்றால் அது வெறும் கட்டை. போனவர் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.

பலகையை எழுதியது பள்ளிக்கூட வாத்தியாரான நான். புள்ளி வைக்க ஒப்புக்கொண்டிருந்த பெரியவரோ, வீட்டோடு மாப்பிள்ளைக்கெல்லாம் வரமுடியாது என்று உச்சிவேளையில் ஆளனுப்பிவிட்டார். சடங்குப்படி பலகையை முதுகில் சுமந்து மண்டியிட்டிருந்த ஃபானின் மகள் விசும்பினாள்.

"வாத்தியாரே, நீங்களே வச்சிடுங்க" என்றாள் ஃபானின் மனைவி மெய்ஷியான்.

"மூணு தடவை பரீட்சையில கோட்டை விட்டவன்மா நான். எனக்கு ஏது பட்டம்?"

"அப்ப அவரு வாசல்லயே நிக்கட்டுங்கிறீங்களா?"

தூரிகையை எடுத்துச் சிவப்பு மையில் தோய்த்தேன், வைக்கத்தான் துணியவில்லை.

"அந்த எழுத்துக்கு என்னதான் அர்த்தம்?" என்று அவளே கேட்டாள்.

"வீட்டுக்காரர்ம்பாங்க. எஜமான்ம்பாங்க. விருந்தாளியை வரவேற்கிறவரையும் சொல்வாங்க. ஆதியில அது விளக்கும்மா. கீழ இருக்கறது தண்டு, மேல அந்தப் புள்ளிதான் சுடர்."

மெய்ஷியான் மூன்று நாளாக அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் அவரு ஏத்தினாரு. இதை நான் ஏத்துறேன்" என்று தூரிகையை வாங்கிக்கொண்டாள்.

பெண்பிள்ளை புள்ளி வைப்பதா என்று கூட்டம் முணுமுணுத்தது.

"வாயை மூடுங்கடா! அவர் ஊத்தின சாறைக் குடிச்ச வாய்தானே?" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் உருப்படியாகப் பேசியது அன்றைக்குத்தான்.

தூரிகையை எழுத்தின் தலையில் ஊன்றினாள். புள்ளி கொஞ்சம் சாய்ந்தே விழுந்தது. பலகையை மகள் முதுகிலிருந்து எடுத்து, அந்த நாற்காலியில் வைத்தாள்.

"உக்காருங்க. உங்க வீடு. எப்பக் கிளம்புறீங்கன்னு இனி யாரும் கேக்க மாட்டாங்க."