காத்தமுத்து கழுவிய பாட்டில்

காத்தமுத்துவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவன் மேல் இல்லை. யார் மேல் என்று இன்றுவரை பிடிபடவில்லை, அதனால்தான் ஆறவும் மாட்டேன் என்கிறது.

என் பெயர் நஜிமுதீன். திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பைண்டிங் வேலை. ஐம்பதுகளில் எங்கள் கல்லூரியை ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ஒருவர் காவிரி நத்தையை ஆராய்ந்தார். இன்னொருவர் தெப்பக்குளத்துப் பாசியை. கெமிஸ்ட்ரியில் ஒருவர் உப்பு வகைகளை. பிஸிக்ஸில் ஒருவர் மழைத்துளி எப்படி விழுகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் தலையில்தான் விழுகிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறதோ! எல்லாருக்கும் எங்கெங்கிருந்தோ பத்திரிகைகள் வரும். நான் தைத்து, பசை தடவி, முதுகில் தங்க எழுத்து பதித்து அலமாரியில் ஏற்றுவேன். நத்தைக்காரர் பாசி அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

எல்லா டிபார்ட்மெண்டுக்குள்ளும் போய்வந்த ஒரே ஆள் காத்தமுத்து.

மண்ணச்சநல்லூர்க்காரன். வயலில் தவளை பிடித்து, சாக்கில் கட்டி, உயிரோடு கொண்டுவந்து ஜுவாலஜிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்படியே அட்டெண்டராக உள்ளே வந்துவிட்டான். பாட்டானிக்குப் பாசி அள்ளுவான், பிஸிக்ஸுக்குக் கண்ணாடி துடைப்பான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாட்டில் கழுவுவதுதான். கை நுழையாத குறுகிய வாய் பாட்டிலில் ஒரு பிடி ஆற்று மணலும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு அவன் குலுக்குகிற குலுக்கலில் எந்தக் கறையும் நிற்காது.

அதைக் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு நல்லதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடியில் கசடு இருந்த பாட்டில் ஒன்றை ஜுவாலஜி சார் மேஜையில் வைத்துவிட்டான். அவர் அதை எடுத்துச் சுவரில் அடித்தார். அழுக்கு பாட்டிலோடு என் முன்னால் இனி வராதே என்றார். கண்ணாடிச் சில்லைப் பொறுக்கியது இவன்தான். அதற்கப்புறம் எந்த சார் முன்னாலும் அவன் கழுவாத பாட்டிலை நீட்டியதே இல்லை. சோறு போடுகிற வேலை, பயம் இருக்காதா?

வாய் உடைந்தது, மூடி பொருந்தாதது என்று கழித்துப் போட்ட பாட்டில்களை வருஷத்துக்கு ஒருமுறை அவனுக்கே கொடுத்துவிடுவார்கள். காந்தி மார்க்கெட்டில் பழைய பாட்டில் கடை வைத்திருந்தவர் லேபிளோடு வாங்கமாட்டார். மருந்துப் பேரைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்களாம். உட்புறத்தை அவரே சலவைச் சோடா போட்டு வேகவைத்துக்கொள்வார். அதனால் காத்தமுத்து வீட்டில் அண்டா நிறைய பாட்டில்கள் ஊறும். லேபிள் மட்டும் உரிந்து வந்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது.

ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாளிலிருந்தே அவன் மகள் மாரியாயிக்குக் காய்ச்சல். ஏழு வயது, ஒரே பிள்ளை. அம்மா வேலம்மாள் விடியற்காலையில் ஸ்ரீரங்கம் போய்ச் சொர்க்கவாசலைச் சேவித்துவிட்டு, அம்மா மண்டபத்தில் காவிரித் தண்ணீர் மொண்டுவந்தாள். பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணீராயிற்றே என்று, வீட்டில் இருந்ததிலேயே அழகான பாட்டிலைத் தேடி எடுத்துப் போயிருக்கிறாள். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்புத் தண்ணீர். பானையென்ன, சொம்பென்ன, எதில் ஊற்றி வைத்தாலும் வெள்ளை பிடிக்கும். அவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இரண்டு தரம் அலசிவிட்டு மொண்டுகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முருகனையும் ரங்கநாதரையும் கும்பிட்டு, பிள்ளை வாயில் ஒரு டம்ளர் ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. வாந்தியில் ரத்தம். நான் அடுத்த வீடு. குதிரை வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றைக் கழுவினார், முட்டை வெள்ளைக்கரு கொடுத்தார். பிறகு எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்:

"பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா அதுக்கான மருந்தைப் பார்க்கலாம். சும்மா ஊசி போட்டா அதுவே ஆளைக் கொன்னுடும். சீக்கிரம் கேட்டுட்டு வாங்க."

காலேஜ் லீவு. வாடகைச் சைக்கிளில் நான் மிதிக்க, காத்தமுத்து, வேலம்மாள் கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். ஜுவாலஜி சார் வீடு ஆஸ்பத்திரி இருக்கிற புத்தூரிலேயே. அவர் வாசல்படியில் நின்றபடியே மோந்து பார்த்தார். ஜந்துக்களைப் போட்டு வைக்கிற பார்மலின் வாடை இல்லை, அதனால் எங்களுடையது இல்லை என்றார். சரி, வேறு என்னவாக இருக்கும் என்று நான் கேட்டேன். நத்தையைப் பற்றிக் கேளுங்க, சொல்கிறேன், இது என் சப்ஜெக்ட் இல்லை என்றார். உள்ளே போகத் திரும்பியவர், காத்தமுத்துவைப் பார்த்து, "இந்த அழுக்கோடவா இதை ஒரு வீட்டுக்கு எடுத்துட்டு வருவே?" என்றார். பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது, அப்போதும் அந்தக் கேள்வி! என் வாயில் வந்ததை அல்லாஹ்வுக்குப் பயந்து விழுங்கினேன்.

பாட்டானி சார் நல்ல மனுஷர். காத்தமுத்து சைக்கிளோடு தெருவில் நிற்க, நான் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாசிக்கு அகல வாய் பாட்டில்தான் வாங்குகிறோம், இது கெமிஸ்ட்ரி பாட்டில் மாதிரி இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பதை வைத்துத்தான் சொல்ல முடியும், சௌரிராஜனிடம் போங்கள் என்றார்.

கெமிஸ்ட்ரி சௌரிராஜன் சார் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். அன்றைக்குக் காவிரிப் பாலத்தில் ஊரே நின்றது. சைக்கிளைத் தள்ளக்கூட இடமில்லை. அம்மா மண்டபம் வந்ததும் காத்தமுத்துவைச் சைக்கிளோடு படித்துறையில் நிறுத்தினேன். பாட்டில் கூட்டத்தில் நழுவி உடைந்தால் எல்லாம் போச்சு. நீ இங்கேயே இரு, நான் அவரைக் கையோடு அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சார் உபவாசத்தில் பாராயணம் பண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் புஸ்தகத்தை மூடிவிட்டு எழுந்தார். மேல் வேஷ்டியைக் கூட நேராகப் போட்டுக்கொள்ளவில்லை.

"பாட்டில அலம்பிடலையே? அடியில துளி இருந்தாப் போறும். லாபைத் திறக்கச் சொல்லி அரைமணியில என்னன்னு சொல்லிடறேன். பெருமாள் காப்பாத்துவார், வாரும்."

துளி என்ன, அடி முழுக்க அடை மாதிரி ஒட்டியிருக்கிறது என்றேன். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் எனக்கு முன்னால் ஓடினார், அறுபதை நெருங்குகிற மனுஷர்.

காத்தமுத்து படித்துறையிலிருந்து எழுந்து வந்தான். முழங்கை வரைக்கும் ஈரம். துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் பாட்டிலைப் பணிவாக நீட்டினான். உள்ளே புள்ளிகூட இல்லை. அந்தப் பக்கத்து ஆறு தெரிந்தது.

"மணலைப் போட்டு நல்லாக் குலுக்கிட்டேங்க சார்," என்றான்.

சார் வாங்கிப் பார்த்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். காத்தமுத்து அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு விளங்கியது. அதை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

பிள்ளை அன்று சாயங்காலம் போய்விட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வேலம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் கேட்டது ஒன்றுதான்: "கழுவாம குடுத்திருந்தா அந்த சாரு கோவிச்சுக்கிட்டிருப்பாருங்களா, பாய்?" இல்லைம்மா என்று எப்படிச் சொல்வது? அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

காத்தமுத்து திரும்ப வேலைக்கு வந்தான், பாட்டிலும் கழுவினான். ஆனால் கழுவுமுன், கொடுத்தவரிடமே தூக்கிக் காட்டி, "இதுல என்னங்க இருந்துச்சு?" என்று கேட்பான். பேரைச் சொன்னால்தான் தொட்டித் தண்ணீரில் இறக்குவான். அந்தப் பேர் அவனுக்குப் புரியாது, ஞாபகமும் நிற்காது. இருந்தாலும் கேட்பான். விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். சௌரிராஜன் சார் எழுந்து நின்று சொல்வார்.

அவர் ரிடையர் ஆனார். அறுபத்தாறில் வந்த புது லெக்சரர் ஒருவர், "உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? கழுவு," என்றார். காத்தமுத்து பாட்டிலை அழுக்கோடு அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். அவனைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நூலகத்துக்குள் வந்தான், அதுதான் முதல் தடவை. அலமாரிகளை அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று நடந்தான். நத்தை, பாசி, உப்பு, மழைத்துளி, எல்லாம் நான் பதித்த தங்க எழுத்து.

"அந்த வெள்ளை என்னன்னு இதுல எதுலயாச்சும் எழுதியிருப்பாங்களா, பாய்?"

"இருக்கும் காத்தமுத்து. கண்டிப்பா இருக்கும்."

"எதுலங்க?"

பசைக் கையோடு அலமாரி அலமாரியாகப் பார்த்தேன்; முதுகில் பேர் பதித்ததோடு சரி, ஒன்றையும் நான் படித்ததில்லை. அவன், தோட்டத்தில் தண்ணீர் திறந்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டான்.