பாச்சை உருண்டை தின்ற செல்லதுரை

வாயில்லா ஜீவனுக்கு மருந்து கொடுப்பது சுலபம். கூட வரும் வாயுள்ள ஜீவனுக்குப் பதில் சொல்வதுதான் எங்கள் தொழில். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு மிருக வைத்தியரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலக்குவதும், வாசலில் நின்று நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் என் வேலை. பெயர் இல்லாத பிராணியை எங்கள் டாக்டர் தொடமாட்டார். நாய், பூனை வளர்க்கும் சக பாக்கியவான்களே, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் புட்டிகளைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டைகரின் ஸ்நானம்

நீலசந்திராவிலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஆள் வருவதற்கு முன்பே பினாயில் வாசனை வந்துவிட்டது. நாய்க்கு உண்ணித் தொல்லையாம். அதற்காகத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஒரு புட்டி பினாயிலைத் தலையில் கொட்டித் தேய்த்திருக்கிறார். தோல் வெந்து சிவந்துவிட்டது. அதை நக்கி நக்கி டைகரின் வாயில் நுரை தள்ளியது.

சோப்புப் போட்டுக் கழுவினோம், கழுவினோம், கழுவிக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் டைகர் எழுந்து நின்று முதல் வேலையாக என் வேட்டியைக் கடித்தது. பிழைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். இனிமேல் இப்படிச் செய்யாதே என்று டாக்டர் கத்தியதற்கு மேஸ்திரி நிதானமாகச் சொன்னார்: "அம்மாம் பெரிய கக்கூஸுக்கே ஒத்துக்குது சார், இத்தினியூண்டு நாய்க்கு ஒத்துக்காதா?"

ஆகாச வர்ணப் பூனை

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு மாமி. கணவர் சமஸ்தான உத்தியோகஸ்தர். கொலுவுக்கு நாலு பேர் வரும் வீட்டில் வெள்ளைப் பூனை அழுக்காக இருக்கலாமா என்று, துணிக்குப் போடும் நீலத்தைத் தாராளமாகக் கரைத்து அதில் பூனையை முக்கி எடுத்துவிட்டார். கூடையைத் திறந்தால் ஆகாச வர்ணத்தில் ஒரு பூனை எங்களை முறைத்தது. உடம்பை நக்கியதில் நாக்கும் நீலம். கூடையெல்லாம் வாந்தி.

அதைக் குளிப்பாட்டியதில் என் இரண்டு கைகளிலும் கீறல் விழாத இடம் இல்லை. பூனை தேறிவிட்டது, நிறம் மட்டும் தீபாவளி வரைக்கும் போகவில்லை. மாமிக்குப் பூனைமேல்தான் கோபம்: "எங்காத்துக்காரர் வேஷ்டி இதே நீலத்துலதான் பளிச்சுனு வெளுக்கறது. இதுக்கு மட்டும் என்ன பிடிவாதம்?"

பெயர் இல்லாத நோயாளி

டிசம்பர் வந்தால் எங்களுக்கு வான்கோழி சீசன். கிறிஸ்துமஸுக்கென்று வளர்க்கிற கோழி அதற்கு முன்பே செத்துவிடக் கூடாதே என்று வீட்டுக்கு வீடு கவலை. ஆரோக்கியசாமி ரயில்வே கார்டு. ராத்திரிப் பூசைக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளிக் கோட்டை அவர் மனைவி பிலோமினம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உதறியிருக்கிறார். பையிலிருந்த பாச்சை உருண்டைகள் உருண்டோட, பின்னாலேயே வந்த வான்கோழி ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டது.

இருவரும் கோழியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார்கள். வழக்கம்போல் பெயர் கேட்டேன். "குழம்புக்கு எதுக்குங்க பேரு?" என்றார் பிலோமினம்மா. டாக்டர் அன்றைக்கு மட்டும் பெயரைப் பார்க்காமல் கரித்தூளைக் கரைத்துப் புகட்டிவிட்டு, "பிழைச்சாலும் பிழைக்கும். ஆனா இதைச் சாப்பிடக் கூடாது, விஷம்" என்று கையை விரித்தார். பிலோமினம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கார்டு மட்டும் கோழியின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சொல்ப பார்த்துச் சொல்லுங்க டாக்டர், சாப்பாட்டை விடுங்க, இதுக்கு வலிக்குமா?"

மறு வருஷம்

அடுத்த டிசம்பரில் வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. கார்டு வான்கோழியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினார். அதே கோழிதான், ஆள்தான் இரண்டு மடங்கு பெருத்திருந்தது. கழுத்தில் சிவப்பு ரிப்பன் வேறு. பெயர் கேட்பதற்கு முன்பே, "செல்லதுரை" என்றார்.

உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. "இவன் ஒண்ணும் தின்னலை சார். ஆனா பாச்சை உருண்டை தின்னுட்டான், கறி ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். வெளியே ஜட்காவுல அவ இருக்கா. நாளைக்கு இவனை அறுத்துடுவா சார்." எங்கள் டாக்டர் பொய் சொல்லிப் பார்த்ததில்லை. செல்லதுரையை ஒரு தரம் பார்த்தார், ரிப்பனை ஒரு தரம் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "பாச்சை உருண்டை! மறுபடியும்!" என்று கூவினார்.

நான் பயந்துகொண்டே ஜட்காவை எட்டிப் பார்த்தேன். பிலோமினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கிட்டே வரச் சொல்லிக் காதோடு சொன்னார்: "போன வருஷத்துலேருந்து வீட்டுல பாச்சை உருண்டையே வாங்கறதில்லீங்க கம்பவுண்டரே. கிறிஸ்துமஸுக்குக் கறிக்கடையில ஆட்டுக்கறிக்குப் போன வாரமே சொல்லிட்டேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, இன்னும் சொல்ப நேரம் தவிக்கட்டும்."

பாச்சை உருண்டை உயிரை வாங்கும் என்று இன்றைக்கும் எல்லோரையும் மிரட்டி வருகிறேன். அது ஒரே ஒரு உயிரைக் காப்பாற்றிய கதையை மட்டும், உங்களைத் தவிர, யாரிடமும் மூச்சு விட்டதில்லை.